வறட்சி தாங்கும் நெல்



இன்றைய பேச்சு ஒரு விதையைப் பற்றியது. நெல் விதை.

2025-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் தேதி டெல்லியில் மத்திய வேளாண்மை அமைச்சர் இரண்டு புதிய நெல் ரகங்களை அறிவித்தார். ஒன்றின் பெயர் கமலா. மற்றொன்றின் பெயர் பூசா டி.எஸ்.டி. நெல் 1. இரண்டிலும் மரபணுவைத் திருத்தியிருக்கிறார்கள். இரண்டையும் உருவாக்கியவர்கள் நம் நாட்டு அரசு விஞ்ஞானிகள். 'தண்ணீர் குறைந்தாலும் விளையும் நெல் வந்துவிட்டது' என்ற பேச்சு அப்போது பரவியது.

இதைக் கேட்டால் மானாவாரி விவசாயிக்கு ஆசை வராதா? வரும். கூடவே சந்தேகமும் வரும். தண்ணீர் இல்லாமல் நெல் எப்படி விளையும்? விதைக்குள் அப்படி என்ன செய்தார்கள்? இந்தக் கேள்விகளுக்குத்தான் இன்று பதில் பார்க்கப் போகிறோம்.

முதலில் 2002-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம் மழை பெய்தது. விவசாயிகள் விதைத்தார்கள். நாற்று விட்டார்கள். ஜூலையில் மழை ஏமாற்றிவிட்டது. வழக்கமாக ஜூலையில் பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதிதான் பெய்தது. அதற்கு முந்திய ஆண்டில் நாட்டில் விளைந்த அரிசி சுமார் 9 கோடி 30 லட்சம் டன். மழை பொய்த்த ஆண்டில் விளைந்தது சுமார் 7 கோடி 20 லட்சம் டன். ஒரு டன் என்பது ஆயிரம் கிலோ. ஒரே ஆண்டில் 2 கோடி டன்னுக்கு மேல் குறைந்துபோனது.

அப்படிப்பட்ட ஆண்டில் சிறு விவசாயி வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விதைக்கும் உழவுக்கும் வாங்கிய கடன் அப்படியே நிற்கும். மாடு சந்தைக்குப் போகும். வீட்டு ஆட்கள் செங்கல் சூளைக்குப் போவார்கள். பள்ளிக்கூடம் போன பிள்ளையும் கூடவே போகும்.

நம் நாட்டில் பயிர் செய்யும் நிலத்தில் ஏறக்குறைய பாதிக்கு இன்னும் பாசன வசதி இல்லை. மழையை நம்பித்தான் விதைக்கிறார்கள். அதனால் வறட்சி தாங்கும் விதை என்பது சின்ன விஷயமில்லை.

சரி, செடிக்குத் தண்ணீர் எதற்கு? வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். காசு செலவில்லை. செம்பருத்தியோ வேறு செடியோ இருந்தால் போதும். நான்கைந்து இலை உள்ள ஒரு சிறு கிளையில் பாலிதீன் பையை மாட்டுங்கள். பையின் வாயை நூலால் இறுக்கிக் கட்டுங்கள். நல்ல வெயிலில் இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். திரும்பி வந்து பார்த்தால் பைக்குள் நீர்த்துளிகள் இருக்கும். அந்தத் தண்ணீர் இலையிலிருந்து வந்தது.

வேர் மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிறது. அந்தத் தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இலை வழியாக ஆவியாகப் போய்விடுகிறது. செடி தனக்கென்று வைத்துக்கொள்வது மிகக் கொஞ்சம்.

ஏன் இப்படி வீணாக்குகிறது என்று கேட்கலாம். இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அவற்றை இலைத்துளைகள் என்பார்கள். கடுகளவு இடத்தில் நூற்றுக்கணக்கான துளைகள் இருக்கும். காற்றில் உள்ள கரியமில வாயு இந்தத் துளை வழியாகத்தான் இலைக்குள் போகிறது. அந்த வாயுவையும் தண்ணீரையும் வெயிலையும் கொண்டுதான் இலை உணவு தயாரிக்கிறது. அந்த உணவுதான் கடைசியில் நெல்மணியில் மாவாகச் சேர்கிறது. துளை திறந்தால் வாயு உள்ளே வரும். அதே வழியாகத் தண்ணீர் வெளியே போகும். ஒன்று வேண்டும், மற்றொன்று வேண்டாம் என்றால் நடக்காது.

மண் காய்ந்தால் செடி என்ன செய்யும்? துளைகளை மூடிக்கொள்ளும். ஒவ்வொரு துளைக்கும் இரண்டு பக்கமும் கதவுபோல இரண்டு செல்கள் இருக்கின்றன. அவை சேர்ந்துகொண்டால் துளை அடைபடும். தண்ணீர் மிச்சமாகும். ஆனால் உணவு தயாரிப்பும் நின்றுவிடும். பசியோடு உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோலத்தான் அது. இந்த விஷயத்தை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இது தேவைப்படும்.

எந்த நாளில் காய்ந்தது என்பதும் முக்கியம். நாற்று வேர் பிடித்துத் தூர் கட்டும்போது ஒரு வாரம் காய்ந்தால், அடுத்த மழையில் பயிர் ஓரளவு தேறிவிடும். பூக்கும்போது காய்ந்தால் தேறாது. நெல் பூ ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் திறந்திருக்கும். அந்தச் சமயம் செடி வாடியிருந்தால் மணி பிடிக்காது. கதிர் வெளியே வரும். தொட்டுப் பார்த்தால் பதராக இருக்கும். வைக்கோல் கிடைக்கும், நெல் கிடைக்காது. இதையெல்லாம் விஞ்ஞானிகள் வருவதற்கு முன்பே களை எடுக்கப் போகும் பெண்கள் கதிரைத் தடவிப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள்.

ஆகவே 'வறட்சி தாங்கும் ரகம்' என்று யாராவது சொன்னால் உடனே ஒரு கேள்வி கேட்க வேண்டும். எந்தப் பருவத்தில் வரும் வறட்சியை, எத்தனை நாள் தாங்கும்? இதற்குப் பதில் சொல்லாமல் 'தாங்கும், தாங்கும்' என்று மட்டும் சொன்னால் நம்ப வேண்டாம்.

மரபணுவுக்குப் போகும் முன் இன்னொரு நெல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் பெயர் சகபாகி தான். சகபாகி என்றால் பங்கு கொண்டவர் என்று பொருள். தான் என்றால் இந்தியில் நெல்.

ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஹசாரிபாக் என்ற ஊர் இருக்கிறது. அங்கே நிலம் சமமாக இருக்காது. மேட்டு நிலம், சரிவு, பள்ளம் என்று இருக்கும். பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். மேட்டில் பெய்த மழை உடனே ஓடிவிடும். பத்து நாள் மழை இல்லை என்றால் மேட்டு நிலப் பயிர் சுருண்டுவிடும். அந்த ஊரில் மத்திய அரசின் மேட்டுநில நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து அவர்கள் வேலை செய்தார்கள்.

பழைய வழக்கம் என்ன? தண்ணீர் நிறையக் கட்டிய வயலில் எது அதிகம் விளைகிறதோ அதை நல்ல ரகம் என்று எடுப்பார்கள். இவர்கள் மாற்றிச் செய்தார்கள். இரண்டு வகை நெல்லைச் சேர்த்து ஒட்டுக் கட்டினார்கள். வந்த செடிகளை வளர்த்து, வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்தினார்கள். காய்ந்த வயலில் எது நெல் கொடுத்ததோ அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு விவசாயிகளின் வயலிலேயே நட்டுப் பார்த்தார்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று விவசாயிகளும் சொன்னார்கள். அதனால்தான் அந்தப் பெயர்.

2010-ஆம் ஆண்டு சகபாகி தான் வெளிவந்தது. சுமார் 105 நாளில் அறுவடைக்கு வரும். நல்ல மழை பெய்தால் ஏக்கருக்கு 15 முதல் 18 குவிண்டால் வரை கிடைக்கும். வறட்சி வந்தால் விளைச்சல் குறையத்தான் செய்யும். ஆனாலும் மற்ற ரகங்களைவிட ஏக்கருக்கு மூன்று, நான்கு குவிண்டால் கூடுதலாகக் கிடைத்தது என்று சோதனைகளில் கண்டார்கள். நான்கு குவிண்டால் என்பது நானூறு கிலோ. ஒரு குடும்பத்துக்குச் சில மாதச் சாப்பாடு. இதே நெல்லை நேபாளத்திலும் வங்காளதேசத்திலும் வேறு பெயர்களில் விவசாயிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த நெல்லில் ஆய்வுக்கூடத்தில் வைத்து எந்த மரபணுவையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. நம் முன்னோர்கள் செய்ததுபோல நல்ல கதிரைத் தேர்ந்தெடுத்ததுதான். தேர்ந்தெடுத்த இடம்தான் புதிது. அது காய்ந்த வயல்.

இப்போது மரபணு விஷயத்துக்கு வருவோம்.

நீங்கள் எழுத்துப் படிக்கத் தொடங்கியபோது 'பல்', 'பால்' என்ற சொற்களைப் படித்திருப்பீர்கள். ஒரு கால் போட்டால் பல் பாலாகிவிடும். காலை எடுத்துவிட்டால் பால் பல்லாகிவிடும். சின்ன மாற்றம்தான். பொருள் அடியோடு மாறிவிடுகிறது. உயிர்களுக்குள்ளும் இப்படி ஓர் எழுத்து இருக்கிறது. தமிழில் 247 எழுத்துகள். உயிரின் எழுத்து நான்குதான். அந்த நான்கும் மாறி மாறி வரிசையாக அமைந்திருக்கின்றன. நெல்லின் ஒரு செல்லுக்குள் அந்த வரிசை ஏறக்குறைய 40 கோடி எழுத்து நீளம். அதில் ஒரு வேலைக்கான பகுதியைத்தான் மரபணு என்கிறார்கள். ஒரு மரபணு உயரத்தைத் தீர்மானிக்கும். இன்னொன்று மணியின் எண்ணிக்கையோடு சம்பந்தப்பட்டிருக்கும். நெல்லின் எழுத்து வரிசை முழுவதையும் பல நாடுகள் சேர்ந்து படித்து, 2005-இல் வெளியிட்டன. அந்த வேலையில் இந்தியாவும் பங்கு கொண்டது.

எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் திருத்தவும் ஆசை வரும் அல்லவா? விஞ்ஞானிகளுக்கும் வந்தது. இரண்டு வழிகளில் செய்கிறார்கள்.

முதல் வழி, வேறோர் உயிரிலிருந்து மரபணுவை எடுத்துப் பயிருக்குள் புகுத்துவது. அமெரிக்காவில் மான்சான்டோ கம்பெனி மக்காச்சோளத்தில் இதைச் செய்தது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மரபணுவை மக்காச்சோளத்துக்குள் வைத்தார்கள். 2011-ஆம் ஆண்டு அங்கே அரசு அனுமதி கிடைத்தது. 2013-இல் கடைகளில் விற்பனைக்கு வந்தது. பெரிய விளம்பரம் நடந்தது. ஆனால் அமெரிக்க வேளாண்மைத் துறையின் அறிக்கையே ஒரு விஷயத்தைச் சொன்னது. அந்தந்தப் பகுதிக்கு ஏற்றதாக வளர்த்தெடுத்த சாதாரண மக்காச்சோளத்தில் கிடைக்கும் வறட்சித் தாங்கலைவிட இது மிஞ்சியது இல்லை என்று அதில் எழுதியிருந்தார்கள். விளம்பரத்தைப் படிப்பவர்கள் அறிக்கையையும் படித்தால் நல்லது.

அர்ஜென்டினா நாட்டில் கோதுமையில் செய்தார்கள். ராக்கேல் சான் என்ற பெண் விஞ்ஞானியும் அவர் குழுவும் சூரியகாந்திச் செடியில் ஒரு மரபணுவைக் கண்டறிந்தார்கள். சூரியகாந்தி ஓரளவு காய்ச்சலைத் தாங்கும் அல்லவா? அந்த மரபணுவைக் கோதுமையில் வைத்தார்கள். 2020-இல் அர்ஜென்டினா அரசு அதை ஏற்றது. அந்தக் கோதுமையை வாங்கும் பிரேசில் நாடும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போட்டது. விற்க ஆளில்லாமல் போய்விட்டால் விளைந்து என்ன பயன்? பிரேசில் ஒப்புக்கொண்ட பிறகு 2022-இல்தான் விதை விற்பனைக்கு வழி திறந்தது.

இந்தியாவில் நிலைமை என்ன? வேற்று உயிரின் மரபணுவைப் புகுத்திய பயிர்களில் விவசாயிகள் வயலுக்குப் பரவலாக வந்தது பி.டி. பருத்தி மட்டும்தான். அது 2002-இல் வந்தது. அது காய்ப்புழுவுக்காக வந்தது, வறட்சிக்காக வரவில்லை. பி.டி. கத்திரிக்காயை 2010-இல் அரசு நிறுத்தி வைத்தது. இந்த வகையில் வறட்சி தாங்கும் நெல்லுக்கோ வேறு பயிருக்கோ இந்தியாவில் அனுமதி கொடுக்கவில்லை. அதனால் 'வெளிநாட்டு ஜீன் வைத்த வறட்சி நெல்' என்று யாராவது பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தால், அவரிடம் வாங்காதீர்கள்.

இரண்டாவது வழிதான் திருத்தம். வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து நிரந்தரமாக வைப்பதில்லை. செடியின் எழுத்திலேயே ஓரிடத்தில் வெட்டிச் சில எழுத்துகளை நீக்குகிறார்கள். அதற்கு ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. இரும்புக் கத்தரிக்கோல் இல்லை. செல்லுக்குள் வேலை செய்யும் ஒரு புரதம். எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று அதற்கு அடையாளம் கொடுத்து அனுப்பலாம். இந்த முறையை 2012-இல் வெளியிட்ட எம்மானுவேல் ஷார்பான்டியே, ஜெனிஃபர் டவுட்னா என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகளுக்கு 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. வெட்டும் வேலை முடிந்ததும் அடுத்த தலைமுறைச் செடிகளில் கத்தரிக்கோல் இல்லாத செடியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பூசா டி.எஸ்.டி. நெல் 1 இப்படி வந்ததுதான். டெல்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் இதைச் செய்தது. ஆந்திராவில் மார்ட்டேரு என்ற ஊர் இருக்கிறது. அங்கே உருவான எம்.டி.யு. 1010 என்ற நெல்லை எடுத்துக்கொண்டார்கள். பல மாநிலங்களில் விவசாயிகள் விரும்பிப் போடும் சன்ன ரகம் அது. அதில் டி.எஸ்.டி. என்று ஒரு மரபணு இருக்கிறது. அந்த மரபணுவின் வேலை என்ன என்று 2009-இல் சீன விஞ்ஞானிகள் எழுதியிருந்தார்கள். இலைத்துளை சட்டென்று மூடிக்கொள்ளாமல் தடுப்பதில் அதற்குப் பங்கு இருக்கிறது.

பூசா விஞ்ஞானிகள் அந்த மரபணுவின் எழுத்தில் ஒரு பகுதியை நீக்கி, அது வேலை செய்யாதபடி ஆக்கினார்கள். தடுப்பவர் போய்விட்டார். திருத்திய செடிகளில் இலைத்துளைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது. இலை அகலமாக இருந்தது. தண்ணீரை நிறுத்தியபோது இலையில் ஈரம் கூடுதல் நேரம் தங்கியது. 2020-இல் இதை அவர்கள் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

நல்ல வேலை என்றுதான் சொல்ல வேண்டும். நம் ஊர் நெல், நம் நாட்டு ஆய்வுக்கூடம், அரசுப் பணம். ஆனால் தொட்டியில் வளர்ந்த செடி வேறு, வயல் வேறு. துளையை மூடினால் உணவு தயாரிப்பு குறையும் என்று முன்பே பார்த்தோம். ஈரம் மிச்சமாகிறது, சரி. விளைச்சல் குறையாமல் இருக்கிறதா? பல ஊர்களில், பல ஆண்டுகள் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அறிவிப்பில் இருந்த கணக்கையும் கவனித்துப் படிக்க வேண்டும். எம்.டி.யு. 1010-ஐவிட 9.66 முதல் 30.4 சதவீதம் வரை கூடுதல் விளைச்சல் என்று சொன்னார்கள். எங்கே? உப்பு நிலத்திலும் களர் நிலத்திலும். டி.எஸ்.டி. என்ற மரபணுவின் ஆங்கிலப் பெயரில் வறட்சியும் உப்பும் இரண்டும் இருக்கின்றன. கொடுத்த கணக்கு உப்புக்கும் களருக்கும் உரியது. கேட்பவர்கள் காதில் 'வறட்சி' என்ற சொல்தான் பெரிதாக விழுந்தது. இந்தச் சோதனைக் கணக்குகளில் குறை இருக்கிறது என்று மரபணு மாற்றத்தை எதிர்க்கும் அமைப்புகள் 2025-இல் குற்றம் சாட்டின. ஆராய்ச்சிக் கழகம் அதை ஏற்கவில்லை. இப்படிப்பட்ட சண்டை தீர ஒரு வழி உண்டு. எந்த ஊரில், எந்த ஆண்டில், எத்தனை நாள் தண்ணீர் இல்லாமல், எவ்வளவு விளைந்தது என்று விவசாயி படிக்கும் மொழியில் அச்சிட்டுக் கொடுத்துவிடலாம்.

கமலா என்ற இன்னொரு நெல் வேறு மாதிரி. அது ஹைதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. அதன் தாய் ரகம் சாம்பா மசூரி. நல்ல சோறு, நல்ல விலை. ஆனால் நீண்ட நாள் பயிர். கமலாவில் கதிரின் மணி எண்ணிக்கையோடு சம்பந்தப்பட்ட மரபணுவைத் திருத்தினார்கள். மணி அதிகமாகிறது. அத்தோடு தாய் ரகத்தைவிட சுமார் 20 நாள் முன்னதாக அறுவடைக்கு வருகிறது என்கிறார்கள். இருபது நாள் என்றால் பல நனைப்புத் தண்ணீர் மிச்சம். ஏரியில் தண்ணீர் வற்றுவதற்குள் கதிர் முற்றிவிடும். இதை வறட்சியைத் தாங்குவது என்று சொல்ல முடியாது. வறட்சி வருமுன் தப்பித்துக்கொள்வது. கடைமடை விவசாயிக்கு இது போதும். மேட்டு நில மானாவாரிக்காரருக்கு இது போதாது. ஒரே விதை எல்லோருக்கும் உதவாது.

'இந்த அரிசியைச் சாப்பிடலாமா?' இதைத் தாய்மார்கள் கட்டாயம் கேட்பார்கள். திருத்திய நெல்லில் வேறோர் உயிரின் மரபணு இல்லை. இதுபோல எழுத்து மாறுவது இயற்கையிலும் நடக்கிறது. அதனால் பயப்படத் தேவையில்லை என்கிறார்கள் விஞ்ஞானிகள் பலர். 2022-இல் மத்திய அரசும் இந்த வகைப் பயிர்களுக்குச் சில கடுமையான விதிகளிலிருந்து விலக்கு கொடுத்தது. கத்தரிக்கோல் தவறான இடத்திலும் வெட்டியிருக்கலாம், அதனால் நீண்ட நாள் சோதனை வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். தட்டில் சோறு போடுபவர் கேட்கும் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்வது அரசின் கடமை.

இன்னொரு கேள்வி, விதை யாருக்குச் சொந்தம் என்பது. நெல் தன் பூவிலேயே மணி பிடிக்கும் பயிர். சாதாரண ரகம் என்றால் இந்த ஆண்டு நெல்லை எடுத்து வைத்து அடுத்த ஆண்டு விதைக்கலாம். வீரிய ஒட்டு ரகத்தில் அது முடியாது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் உங்களுக்கு ஓர் உரிமை கொடுத்திருக்கிறது. விளைந்த விதையை வைத்துக்கொள்ளலாம், விதைக்கலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். கம்பெனிப் பெயர் போட்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அந்த வெட்டும் முறைக்கு வெளிநாட்டு நிறுவனங்களிடம் காப்புரிமை இருக்கிறது. அதைப் பயன்படுத்தி விற்பனைக்கு விதை தர வேண்டுமானால் உரிமம் வாங்க வேண்டும். அந்தச் செலவு விதை விலையில் வந்து விழுமா என்று விவசாயச் சங்கங்கள் கேட்கின்றன. கேட்க வேண்டிய கேள்வி.

சரி, இந்த விதைகள் எப்போது கிடைக்கும்? ஆய்வுக்கூட விதை கையளவுதான் இருக்கும். அதைப் பெருக்க வேண்டும். விவசாயிகள் கைக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும் என்று 2025-இல் அறிவித்தபோதே சொன்னார்கள். அதுவரை ஒரு வயலும் சும்மா கிடக்காது. உங்கள் பகுதிக்கு ஏற்ற குறுகிய கால ரகம் எது, சகபாகி போல வறட்சிக்கென்று தேர்ந்தெடுத்த ரகம் எது என்று வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேட்கலாம். மாவட்டத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருந்தால் அங்கேயும் கேட்கலாம். புது ரகத்தை முதல் ஆண்டே எல்லா நிலத்திலும் போட வேண்டாம். ஒரு மூலையில் பத்து சென்ட் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் பழைய ரகத்தையும் போடுங்கள். விதைத்த தேதி, மழை பெய்த தேதி, பூத்த தேதி மூன்றையும் நோட்டில் குறித்து வையுங்கள். எழுதத் தெரிந்ததற்கு இது ஒரு நல்ல உபயோகம். 'போன வருஷம் பூக்கும்போது பன்னிரண்டு நாள் மழை இல்லை, இந்த நெல் இவ்வளவு கொடுத்தது' என்று தேதியோடு சொன்னால் அதிகாரியும் உட்கார்ந்து கேட்பார்.

விதை வாங்கும்போது பையில் கட்டியிருக்கும் அட்டையைப் படியுங்கள். கடைக்காரர் படித்துச் சொல்லட்டும் என்று விடாதீர்கள். நீல நிற அட்டை என்றால் அரசின் விதைச் சான்றளிப்பு நிறுவனம் சோதித்த சான்று விதை. வெளிர் பச்சை அட்டை என்றால் உற்பத்தி செய்தவரே 'இது உண்மையான விதை' என்று தன் பொறுப்பில் எழுதிக் கொடுப்பது. அதை அரசு சோதித்துச் சான்று தரவில்லை. அட்டையில் ரகத்தின் பெயர் இருக்கும். கடைக்காரர் சொன்ன பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். முளைப்புத்திறன் என்ற வரியைப் பாருங்கள். நெல்லுக்கு 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சோதித்த தேதியையும் எந்தத் தேதி வரை விதைக்கலாம் என்பதையும் பாருங்கள். தேதி தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். அதில் ரகத்தின் பெயரும் குவியல் எண்ணும் எழுதியிருக்க வேண்டும். அட்டையையும் ரசீதையும் கொஞ்சம் விதையையும் அறுவடை முடியும்வரை வீட்டில் பத்திரமாக வையுங்கள். விதை முளைக்காமல் போனாலும், சொன்ன ரகம் வராமல் வேறு ரகம் வந்தாலும், விதை ஆய்வாளரிடமோ நுகர்வோர் நீதிமன்றத்திலோ காட்ட அந்த மூன்றும் வேண்டும்.